மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் வத்திராயிருப்பில் ஆட்களின் பெயர் மாறிவிடுகிறது! நேற்றுவரை மாரிமுத்து, நேற்றுவரை கருப்பையா, நேற்றுவரை, வரப்பின்மேல் நின்றவர் "ஏலே, இங்கிட்டு வா!" என்று விரலசைத்துக் கூப்பிட்ட ஆள். இன்று முதல் அவர் "சாமி". தேநீர்க் கடைக்காரர் சாமி என்கிறார், கொத்தனார் சாமி என்கிறார், பெற்ற தாயும் கட்டிய மனைவியும் சாமி என்கிறார்கள். கழுத்தில் மணிமாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, காலில் செருப்பு இல்லை. (கறுப்பு நமக்கும் உரிய நிறம்தான், நிறம் ஒன்று என்பதற்காகத் தோழர்கள் மயங்க வேண்டாம்!)

சாமியான அந்த மனிதர் விடியுமுன் எழுகிறார். பனி இறங்கும் வேளையில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். புலால் தொடுவதில்லை, பீடி பற்றவைப்பதில்லை, மதுக்கடைப் பக்கம் திரும்புவதில்லை. சினந்து ஒரு சொல் சொல்லவும் அஞ்சுகிறார். தென்னந்தோப்பில் காய் வெட்டிய கூலி, வயலில் நாற்றுச் சுமந்த கூலி, இராசபாளையத்து ஆலையில் பெற்ற சம்பளம், எதுவாயினும் குறையாமல் வீடு வந்து சேருகிறது. அப்பன் வரும் ஓசை கேட்டதும் கதவுக்குப் பின் ஒதுங்கி நின்ற பிள்ளைகள், இப்போது வாசலுக்கு ஓடி வருகிறார்கள். 41 நாட்கள் அந்த வீட்டில் அடி இல்லை, அழுகை இல்லை. அடகுக் கடைக்குப் போன குடம்கூடத் திரும்பி வருகிறது.

பிறகு வண்டி கிளம்புகிறது. இராசபாளையம், செங்கோட்டை, புனலூர், பம்பை! சரணம் ஒலிக்கப் போகிறார்கள், சரணம் ஒலிக்கத் திரும்புகிறார்கள். மாலை கழற்றப்படுகிறது. சாமி மீண்டும் மாரிமுத்து ஆகிறார். அன்று மாலையோ மறுநாள் மாலையோ, 41 நாட்களாகத் திரும்பிப் பாராத அந்தக் கடையின் கம்பிச் சன்னலுக்கு முன் வந்து நிற்கிறார். பிள்ளைகள் மீண்டும் கதவுக்குப் பின்னே!

எல்லாரும் இப்படி என்று நாம் கூறவில்லை. மாலையோடு மதுவையும் கழற்றி எறிந்தவர் உண்டு. ஆனால் அப்படிப்பட்டவரை ஊர் விரலால் சுட்டிக் காட்டுகிறதே, அதிலிருந்தே அவர் எத்தனை அரியவர் என்பது விளங்கும்.

இதைக் கண்டு நம் இளந்தோழர் சிரிக்கிறார். "பார்த்தீர்களா பக்தி படுத்தும் பாட்டை! 41 நாள் பூசிய சாயம், 42-ஆம் நாள் வெளுத்துவிட்டது!" என்கிறார். மேடையில் எடுபடும் பேச்சு, கைதட்டலும் கிடைக்கும். நாம் கேட்பது வேறு. ஒரு மனிதன் 41 நாட்கள் குடிக்காமல் இருந்து காட்டிவிட்டான். அவனால் முடியாதென்று மனைவி எண்ணியிருந்தாள், மாமனார் எண்ணியிருந்தார், ஏன், அவனே எண்ணியிருந்தான். அந்த எண்ணம் பொய் என்று மெய்ப்பித்துவிட்டான். மெய்ப்பித்தவனை 42-ஆம் நாள் மாலை ஆறு மணிக்குப் பார்க்கப் போனவர் யார்? பக்தர் போகவில்லை, அவருக்கு வேலை முடிந்தது. பகுத்தறிவாளரும் போகவில்லை, அவருக்குச் சிரிப்பு வந்தது. போனவர் ஒருவர்தான்: "என்ன மாப்பிள்ளை, ரொம்ப நாளாச்சே, வாரியா?" என்ற பழைய கூட்டாளி!

இங்கே ஒன்றை இடையிலேயே சொல்லிவிட வேண்டும். அன்றாடம் அளவு கடந்து குடித்து, உடலே அதற்கு அடிமையாகிவிட்டவர் திடுமென நிறுத்தினால், கைநடுக்கத்தில் தொடங்கி, வலிப்பு, சித்தக் கலக்கம் வரை போய், உயிருக்கே இடர் நேரலாம். அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை; எந்த மலையும் அவருக்கு உதவாது. நாம் பேசுவது, விட முடிந்தும் விட்டபடி நிற்க முடியாமல் தவிக்கும் ஏராளமானவர்களைப் பற்றி.

சரி, 41 நாட்கள் மட்டும் எப்படி முடிந்தது? பக்தரைக் கேட்டால் "ஐயன் அருள்" என்பார். அருளுக்கும் தவணை உண்டோ? 41-ஆம் நாள்வரை காத்த கை, 42-ஆம் நாள் ஏன் நழுவிற்று? அந்த ஆராய்ச்சியை அவரிடமே விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் கண் திறந்து பார்ப்போம்.

முதலில் பெயர் மாறிற்று. 'ஏலே' என்று அழைக்கப்பட்டவனை 'சாமி' என்று அழைத்தால், அவன் முதுகு நிமிர்கிறது. இது அற்பமான செய்தியன்று, தோழர்களே! ஆண்டு முழுதும் அவமதிப்பைக் கூலியோடு சேர்த்து வாங்கியவன், 41 நாட்கள் மதிப்பை வாங்குகிறான். அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே பாதி மது தானாக நின்றுவிடுகிறது. அடுத்து, உடை மாறிற்று. கறுப்பு வேட்டியோடு கடைச் சன்னலில் கை நீட்டினால் ஊர் விடுமா? வேளை மாறிற்று. முன்பு கடைக்குப் போன அதே அந்தி நேரத்தில், இப்போது பசனைக்குப் போகிறான். கூட்டாளி மாறினான். பழைய கூட்டாளி, "மாலை போட்டிருக்கான், கெடுக்காதே" என்று தானே ஒதுங்கிக்கொண்டான். சமையல், படுக்கை, பேச்சு எல்லாம் மாறின. வீடும் வீதியும் வேலைத்தலமும் சேர்ந்து ஒரு மனிதனைச் சுற்றி வேலி கட்டின. ஐயப்பன் காத்ததாகச் சொல்வதெல்லாம், அக்கம்பக்கம் காத்ததுதான்!

அந்த வேலிக்கு வீட்டுப் பெண்கள் கொடுக்கும் விலையையும் நாம் மறைக்கமாட்டோம். மாதவிலக்கான மகளை மூலைக்கு ஒதுக்குவதும், மனைவியின் கைபட்ட சோற்றுக்கு நாள் பார்ப்பதும், தீட்டு என்னும் பழைய இழிவை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் அந்த 41 நாட்களின் மறுபக்கம். அப்பன் குடிக்காத வீட்டில், அந்தக் காரணத்துக்காகவே மகள் கொல்லைப்புறத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். இந்த விலை வேண்டியதே இல்லை. பெயருக்கும் வேளைக்கும் கூட்டாளிக்கும் தீட்டோடு என்ன தொடர்பு?

இப்போது 42-ஆம் நாளுக்கு வருவோம். கட்டிய வேலியை ஒரே பொழுதில் பிடுங்கிவிட்டார்கள். சாமி என்றவர்கள் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பசனை நின்றது, கூட்டாளி வந்தான். இவனும் முதல் நாளிலிருந்தே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவன். விரதத்தின் நஞ்சு அங்கேதான் இருக்கிறது. முடிவு நாள் குறித்துத் தொடங்கப்படுவது விரதம். முடிவு நாள் இல்லாதது வழக்கம். மதுவை விட்டது மனைவிக்காகவோ மக்களுக்காகவோ தன் குடலுக்காகவோ என்றிருந்தால், அவர்கள் 42-ஆம் நாளும் இருக்கிறார்களே! பதினெட்டுப் படிக்காக விட்டான். படி ஏறி இறங்கியதும் காரணம் தீர்ந்தது.

அருகிலுள்ள திருவில்லிபுத்தூரில் மார்கழி 30 நாளும் விடியுமுன் எழுந்து வாசல் நிறையக் கோலமிடுகிறார்கள். தை பிறந்து நாலு நாள் போனால், கோலம் சுருங்கிச் சாண் அகலத்தில் நிற்கிறது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். கல்லிலும் முள்ளிலும் ஏறத் தெரிந்த அந்தக் கால்கள், மறுவாரம் பக்கத்துத் தெருவுக்கும் வண்டி தேடுகின்றன. ஆற்றல் இல்லாத மக்கள் அல்லர் இவர்கள். ஆற்றலைத் திருநாளுக்கு என்று ஒதுக்கி வைத்து, வெறுநாளை வெறுங்கையோடு விட்டுவிட்டவர்கள்.

மேனாட்டிலும் இதுபோன்ற மண்டலக் கணக்கு ஒன்று உலவுகிறது. "21 நாட்களில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். அந்த எண்ணின் ஊற்றைத் தேடிப் போனால், மாக்சுவெல் மால்ட்சு என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் வெளியிட்ட நூல் அகப்படுகிறது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தம் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் தம் நோயாளிகளிடம் கண்டதை எழுதினார். "குறைந்தது" என்ற சொல்லை வணிகர்கள் விழுங்கிவிட்டு 21-ஐ மட்டும் விற்கிறார்கள்!

உண்மையில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய தோழர்களும் 96 பேரை 84 நாட்கள் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சிறு பழக்கம் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள்: பகலுணவோடு ஒரு பழம், மாலை உணவுக்கு முன் சிறிது ஓட்டம், இப்படி. எண்ணாமலே செய்யும் நிலை வரச் சராசரியாக 66 நாட்கள். விரைந்து பழகியவருக்கு 18 நாட்கள். மெதுவாகப் பழகுபவருக்கோ கணக்குப்படி 254 நாட்கள்! பழம் தின்னப் பழகுவதற்கே இந்தப் பாடு என்றால், பத்தாண்டுக் குடியை மறந்து வாழப் பழகுவது 41 நாளில் முடியும் காரியமா?

அந்த ஆய்வில் மற்றொன்றும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறினால், பழக்கம் படிவது பெரிதாகப் பாழாகிவிடவில்லை. விரதக்காரருக்கு இது விளங்காது. அவருக்கு ஒரு நாள் தவறினால் தீட்டு, மாலை போயிற்று, எல்லாம் போயிற்று! "போனது போயிற்று, இனி என்ன?" என்று அன்றிரவே பழைய குழியில் பழைய ஆழத்துக்கு இறங்கிவிடுகிறார். தவறிய நாளை ஒரு தவறிய நாளாக மட்டும் பார்த்து, மறுநாள் மாலை பழையபடி தோழரோடு நடக்கத் தெரிந்தவனுக்குக் குடி முழுகிப் போவதில்லை. குடி என்ற சொல்லுக்குத் தமிழில் வீடு என்றும் பொருள் உண்டு என்பதை நினைவில் கொள்க.

இதுவரை பக்தரைப் பார்த்தோம். தோழர்களே, கொஞ்சம் கண்ணாடியையும் எடுத்து வையுங்கள்!

நம்மவரிடையே மண்டலம் இல்லையா? மாநாட்டுப் பந்தலில் வலக்கையை நீட்டி, "சாதி பாரேன், சடங்கு செய்யேன்" என்று முழங்கிய காளை, தன் திருமணம் வந்ததும் "அம்மா மனம் நோகும்" என்று புரோகிதரை மனையில் உட்கார வைக்கிறாரே, அவர் கழுத்தில் கிடந்ததும் தவணை மாலைதானே! செப்டம்பர் 17-இல் உறுதிமொழி, 18-இல் புதிதாய் அறிமுகமானவரிடம் "நீங்க எந்தப் பக்கம்?" என்று சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வி. பெண் விடுதலை பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பி, உண்ட தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழும் கொள்கை வீரர் எத்தனை பேர்! தட்டைக் கழுவ எந்தத் தத்துவமும் வேண்டியதில்லை. நாளும் இருவேளை கழுவினால் போதும். ஆனால் அதற்குக் கைதட்டல் இல்லையே!

முழக்கம் வேறு, வழக்கம் வேறு. வழக்கமாக்கிக் காட்டியவர்கள் நம் மாவட்டத்திலேயே வாழ்ந்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் 1928 மே 28 அன்று, பெரியார் முன்னிலையில், புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. அந்த ஒரு நாளைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அன்று அதற்குச் சட்டம் துணையில்லை. உறவினர் வரவில்லை. "தாலி கட்டாத, தீ வளர்க்காத இது கல்யாணமா?" என்று ஊர் எள்ளிற்று. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பின் பொருளை எண்ணிப் பாருங்கள்! கால் நூற்றாண்டாகக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் யாரோ எவரோ. அவர்கள் பெற்ற பிள்ளைகள் சொத்துக்கு உரிமையற்றவர்கள். விரதக்காரர்களாக இருந்திருந்தால், அன்றே மாலையைக் கழற்றியிருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த முகூர்த்தம் என்று பஞ்சாங்கம் பாராமல், அடுத்த ஞாயிறு மாலையில் அடுத்த திருமணத்தை நடத்தினார்கள். 1967 நவம்பரில் அண்ணா தலைமையிலான அரசு சட்டம் நிறைவேற்றிற்று. 1968 சனவரியில் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்தது. முன்னே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. உற்றார் முன் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும் என்றது. சுக்கிலநத்தத்திலிருந்து அந்தச் சட்டம்வரை 39 ஆண்டுகள்!

39 ஆண்டுகள் அது நிலைத்ததன் சூட்சுமம் என்ன? புதிய நாள் ஒன்றை அவர்கள் தேடவில்லை. திருமணம் எந்த வீட்டிலும் வந்தே தீரும். அந்தப் பழைய ஆணியிலேயே புதிய சட்டையை மாட்டினார்கள். தனித்து ஒருவரை விடவில்லை. மாப்பிள்ளைக்கு உறவு வராவிட்டால், பத்து மைல் நடந்து தோழர்கள் வந்து பந்தலை நிறைத்தார்கள். பெண்கள் மேடையேறிப் பேசினார்கள். அடுத்த ஊரில் அடுத்த திருமணத்துக்குச் சாட்சியாக நிற்பவர், போன மாதம் மணந்துகொண்டவர். இது வேலி, 41 நாட்களுக்குப் பின் பிடுங்கப்படாத வேலி.

பெயருக்குப் பின்னிருந்த சாதி வாலும் அப்படித்தான் உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு தீர்மானம் போட்டது என்பதோடு நின்றிருந்தால், அது ஒரு தாளாகவே போயிருக்கும். பள்ளிப் பதிவேட்டில், கடைப் பலகையில், அஞ்சலட்டையில், நாள்தோறும் வால் இல்லாமல் எழுதி எழுதியே கை பழகிற்று. இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதக் கூசுகிறவர்களே மிகுதி. ஆனால் நாம் எழுதுவதை நிறுத்திய பலகையில் வேறொருவன் எழுதத் தொடங்குவான் என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைக்க நேர்ந்தது. தாத்தா பெயரிலிருந்து அறுத்தெறிந்த வால், பேரன் மணிக்கட்டில் கயிறாக முளைத்திருக்கிறது! வீட்டுக்கு வீடு, ஆண்டுக்கு ஆண்டு மராமத்துப் பார்க்காத கண்மாய் மேடிடத்தானே செய்யும்? பிளவக்கல்லில் அணை இருப்பதால் மட்டும் வத்திராயிருப்பு வயலுக்கு நீர் வந்துவிடுவதில்லை. வாய்க்காலில் மண்வெட்டி விழ வேண்டும்.

மீண்டும் அந்த மாலை ஆறு மணிக்கு வருகிறோம், ஏனெனில் போர்க்களம் அதுதான். எதிரியின் ஒழுங்கைப் பாருங்கள். மதுக்கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுதும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில். ஆண்டில் விரல்விட்டு எண்ணும் நாட்களே விடுமுறை. மழை வந்தாலும் திறப்பு, வெயில் கொளுத்தினாலும் திறப்பு. செயலாளருக்கும் பொருளாளருக்கும் மனத்தாங்கல் என்று மதுக்கடை பூட்டிக் கிடந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? நம் படிப்பகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? அரசே மதுவை விற்பதைக் கண்டிக்கிறோம், கண்டிப்போம். கடையை மூடு என்று குரல் கொடுப்போம். ஆனால் அது மூடப்படும்வரை மாரிமுத்துவின் வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்க வேண்டுமா?

அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் 1935-இல் குடியிலிருந்து மீண்ட இருவர் தொடங்கிய ஒரு கூட்டம், இன்று தமிழ்நாடு உட்பட உலகெங்கும் கூடுகிறது. கடவுளின் பெயர் அங்கேயும் ஒலிக்கிறது. அது நமக்கு உடன்பாடன்று. ஆனால் 2020-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கியபோது, குடிக்காமல் தொடர்ந்து நிற்க உதவுவதில் அந்த வழி மற்ற சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று, பல இடங்களில் மேலானது என்று கண்டது. குடிக்காத நண்பர்கள் கிடைப்பது அதற்கு முக்கியமான காரணம் என்கின்றன ஆய்வுகள். குறித்த நாள், குறித்த இடம், பெயர் சொல்லி வரவேற்க நாலு பேர். இதைச் செய்யக் கோயிலும் வேண்டாம், குருசாமியும் வேண்டாம்.

வத்திராயிருப்பிலும் கூமாப்பட்டியிலும் இருக்கும் தோழர்களே, ஐந்து பேர் சேருங்கள். ஐம்பது பேர் வேண்டாம், ஐம்பது பேர் சேர்ந்தால் மாநாடாகிவிடும். உங்கள் தெருவில் மாலை கழற்றிய ஒருவர் வீட்டுக்குக் கழற்றிய அன்றே போங்கள். ஐயப்பனைப் பற்றி வாதாட வேண்டாம். "அண்ணே, 41 நாள் இருந்துட்டீங்க, பெரிய காரியம். சாயங்காலம் வாங்க, கேரம் ஆட ஒரு கை குறையுது" என்று சொல்லுங்கள். கூலி நாளில் அவரோடு சேர்ந்தே நடந்து, கடைத்தெருவைச் சுற்றாத வழியில் வீடுவரை போங்கள். 'ஏலே' என்று யார் அழைத்தாலும், நீங்கள் மரியாதையோடு அழையுங்கள். சாமி என்ற பெயர் தந்த நிமிர்வை, மனிதன் என்ற பெயரும் தரும் என்று காட்டுங்கள். ஒரு நாள் அவர் தவறினால் மறுநாள் மாலை மறுபடியும் போங்கள். 66 ஆனாலும் 254 ஆனாலும் போங்கள். அவர் படிக்கத் தெரியாதவரானால் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள்.

இதற்கெல்லாம் மாலை 6 மணி முதல் 9 மணிவரை விளக்கெரியும் ஓர் அறை வேண்டும். பல ஊர்களில் அந்த அறை ஏற்கெனவே இருக்கிறது. சுவரில் தலைவர்களின் படமும், மூலையில் பழைய ஏடுகளின் கட்டும், கதவில் பூட்டும். தோழர்களே, அந்தச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?